அஸ்பேர்கர் வரலாறு: ஒரு திருத்தம்

நன்னூல் பாடஞ் சொல்லும் ஆசிரியர் எவரும் மாணாக்கரின் வகையைக் கூறும் சூத்திரத்தைக் கடந்தே செல்லவேண்டும். அன்னமும் பசுவும் போன்றார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றார் இடைமாணாக்கர். ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றார் கடைமாணாக்கர். இதனை யான் முப்பது ஆண்டுகளாகப் படிப்பித்து வருகின்றேன். படிப்பிக்குந்தோறும் வகுப்பிலே ஒரு நகைப்பு எழும். குடம் யார், எருமை யார் என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் கண்ணாற் சுட்டிக்கொள்வர். யானும் அந்நகைப்பிற் கலந்துகொண்டதுண்டு.

பல ஆண்டுகளின் முன் அத்தகைய வகுப்பொன்றிலே ஒரு சிறுவன் இருந்தான். நிகண்டுச் செய்யுள்களை இடறின்றி ஒப்புவிப்பான். தண்ணீர் வேண்டுமென்றாலும் நூல்நடையிலேயே கேட்பான். ஆயின் எவர் முகத்தையும் நோக்கான். மணியோசை எழுந்தாற் காதைப் பொத்திக்கொண்டு மேசையின் கீழ் நுழைவான். யான் ஒரு சொல்லைப் பிழைபடச் சொல்லிவிட்டால் வகுப்பறியத் திருத்துவான். அன்னமா, எருமையா? நன்னூலார் வகுத்த எவ்வகையிலும் அவன் அடங்கவில்லை. திமிர் பிடித்தவன் என்று யான் முடிவுசெய்தேன். பிரம்பும் எடுத்தேன். பின்னர் ஒருநாள் அவனுடைய தாயார் வைத்தியர் எழுதிக் கொடுத்த கடதாசியுடன் வந்தார். அதிலே அஸ்பேர்கர் என்ற பெயரை முதன்முதலாகக் கண்டேன்.

அப்பெயருடையார் யாவர் என்று தேடிப் படித்தேன். படித்த அளவில் அவர் எனக்கு ஒரு தெய்வப் பிறவியாகத் தோன்றினார். ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றிலே அவரைப் போற்றி ஒரு மணி நேரம் பேசினேன். ஹிட்லரின் ஆட்சிக்கு நடுவே பிள்ளைகளைக் காத்து நின்ற பெருமகன் என்பது அன்று யான் சொன்ன வரலாற்றின் சாரம். அது பிழை, முழுப்பிழை அன்று, ஆயினும் பிழை. 2018ஆம் ஆண்டிலே வியன்னா வரலாற்றாசிரியர் ஹேர்விக் செக் என்பார் பழைய வைத்தியசாலை ஏடுகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையும், அதே ஆண்டில் ஈடித் ஷெஃபர் என்னும் அம்மையார் எழுதிய நூலும் வெளிவந்தன. அவற்றை அறிந்தபின் முன் சொன்னதைத் திருத்தாதிருத்தல் ஆசிரியனுக்கு முறையன்று. ஆதலின் அவ்வரலாற்றை மீண்டும் சொல்லுகின்றேன்.

ஹன்ஸ் அஸ்பேர்கர் 1906ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் வியன்னாவிற் பிறந்தார். தனிமை விரும்பிய பிள்ளை. மொழியிலே பேரார்வம் உடையவர். ஒஸ்திரியக் கவிஞர் கிரில்பார்சரின் வரிகளை இடம் நோக்காது எடுத்துச் சொல்லிப் பள்ளித் தோழரைச் சலிப்படையச் செய்தார் என்பர். (நம்மிடையேயும் பண்டிதர் சிலர் இப்படி உளர், யான் அவர்களுள் ஒருவன்.) இளமையிலே கத்தோலிக்க இளைஞர் இயக்கமொன்றிற் சேர்ந்து மலைகளில் நடந்து திரிந்தார். 1931இல் வைத்தியப் பட்டம் பெற்று வியன்னாப் பல்கலைக்கழகக் குழந்தை வைத்தியசாலையிற் பணியேற்றார்.

அவ்வைத்தியசாலையிலே 1911 முதல் ஒரு தனி விடுதி இருந்தது. ஏர்வின் லாசர் என்பார் தொடக்கியது. பள்ளிகள் கைவிட்ட பிள்ளைகள் அங்கே வந்து தங்குவர். மருந்து சிறிது, கூடி வாழ்தலே பெரிது. காலையில் உடற்பயிற்சியும் இசையும், பின்னர்ப் பாடம், விளையாட்டு, நாடகம். விக்ரோரின் என்னும் தாதி இவற்றையெல்லாம் நடத்தினார். வைத்தியரும் தாதியரும் பிள்ளைகளோடு இருந்து, அவர்கள் உண்பதையும் சண்டையிடுவதையும் கண்ட பின்னரே ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுவர். பரீட்சைப் புள்ளியைக் கொண்டு பிள்ளையை அளக்கும் நாம் பொறாமை கொள்ளத்தக்க இடம்.

அங்கே கியோர்க் பிராங்க்ல், அன்னி வைஸ் என்னும் இருவர் இருந்தனர். இருவரும் யூதர், பிராங்க்ல் 1927 முதற் பணியாற்றிய முதிர்ந்த வைத்தியர். பிள்ளைகளின் இவ்வியல்பை அஸ்பேர்கருக்கு முன்னரே அவர்கள் நுணுகிக் கண்டிருந்தனர். ஆயின் வைத்தியசாலையின் தலைவர் பிரான்ஸ் ஹம்பேர்கர் யூதரை வெறுத்த நாஜிக் கட்சிக்காரர். முதிர்ந்தவர் ஒதுக்கப்பட, 1935ஆம் ஆண்டளவில் அனுபவங் குறைந்த அஸ்பேர்கர் விடுதித் தலைவர் ஆனார். வைஸும் பிராங்க்லும் அமெரிக்கா சென்றனர். அஸ்பேர்கர் அவர்களைத் துரத்தவில்லை. வெறுமையான நாற்காலியில் அமர்ந்தார், அவ்வளவே. எனினும் அவர் வாழ்க்கையின் பின்னைய போக்கு முழுவதையும் யான் இந்நாற்காலியிலேயே காண்கின்றேன்.

1938 மார்ச்சிலே ஹிட்லரின் படை ஒஸ்திரியாவினுட் புகுந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அஸ்பேர்கர் ஒரு விரிவுரை ஆற்றினார். சில பிள்ளைகளைக் குறிக்க ஓட்டிசம் சார்ந்த சொல்லை ஆண்டார். இச்சொல் தான் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகச் சுவிற்சர்லாந்து வைத்தியர் ஒய்கன் புளொய்லர் ஆக்கியது. தமிழகத்தார் மதியிறுக்கம் என மொழிபெயர்த்துள்ளனர். எனக்கு அது உடன்பாடன்று. மதி இறுகியது என்று யார் கண்டார்? தன்னுள் ஒடுங்குதல் என்பதே சொல்லின் பொருள். அது நிற்க, அவ்விரிவுரையிலே வழமைக்கு மாறானவை யாவும் தாழ்ந்தவை அல்ல என்று அவர் வாதித்தார். இதனையே யான் கருத்தரங்கிற் போற்றினேன். அதே விரிவுரையில் புதிய ஆட்சியின் இனநலக் கொள்கைக்கு அவர் செலுத்திய வணக்கத்தை யான் அன்று அறிந்திலேன்.

அவர் ஆராய்ச்சியின் முழு உருவம் 1944இல் வெளிவந்தது. நான்கு சிறுவரை அதிலே வருணித்தார். முதலாவதாகக் கூறப்பட்ட பிரிட்ஸ், பள்ளிக்குச் சென்ற முதல் நாளிலேயே கற்பிக்க முடியாதவன் என்று விலக்கப்பட்டவன். ஆறு வயதிலே பின்னங்களையும் பூச்சியத்தினுங் குறைந்த எண்களையும் தானே விளங்கிக்கொண்டவனும் அவனே. பெரியவர்போற் பேசுவர்; பிறர் உணர்ச்சியை அறியார்; தாம் விரும்பிய ஒரு பொருளிலே முழுகிக் கிடப்பர்; உடலசைவு நயமற்றது. இத்தகைய பிள்ளைகளைச் சின்னப் பேராசிரியர் என்று அவர் கருதினார். சிறுவயது முதல் கண்காணித்த ஒருவர் நியூற்றனின் நூலில் ஒரு கணிதப் பிழையைக் கண்டு பின்னர் வானியற் பேராசிரியரானதையும் எடுத்துரைத்தார்.

ஆசிரியருக்கு அக்கட்டுரை ஒரு களஞ்சியம். இப்பிள்ளைகளிடம் கோபத்தையோ கொஞ்சலையோ காட்டினாற் பயனில்லை என்கின்றார். கட்டளையை நீ செய் என்று ஆளுக்கிடாமல், இப்படிச் செய்வது முறை என்று பொதுவிதியாகக் கூறினால் ஏற்பர் என்கின்றார். இலக்கணம் பயின்ற நமக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். ஏவலை விட்டு விதியாகச் சொல்லுதல். என் பிரம்பு செய்யாததை ஒரு வினைமுற்றின் மாற்றம் செய்தது என்பதை யான் அனுபவத்திற் கண்டேன்.

அதே கட்டுரையில் இன்னொன்றும் உண்டு. இவ்வியல்பு மேதைக்கு அணித்தான நிலையிலிருந்து, பொறிபோல் இயங்கும் மந்தபுத்தியுடையார் வரை பரந்தது என்று அவர் எழுதினார். மேல்நிலையிலுள்ளார்க்குச் சமூகத்தில் இடமுண்டு, பயனுண்டு என்று வாதாடினார். கீழ்நிலையிலுள்ளாரைப் பற்றி வாதாடவில்லை. இவ்வோரவஞ்சனையை ஒருசாரார் தந்திரம் என்பர்: ஆட்சியாளர் பயன் ஒன்றையே மதித்தமையால், பிள்ளைகளின் பயனை மிகைப்படுத்திக் காட்டி அவர்களைக் காத்தார் என்பது அவர் துணிபு. யானும் அப்படியே நம்பினேன்.

இனி வியன்னாவின் மேற்கே ஸ்ரைன்ஹோவ் மனநோய் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அதன் வளவிலே 1940 யூலையில் ஸ்பீகல்குரூண்ட் என்னும் சிறுவர் நிலையம் திறக்கப்பட்டது. முதல் தலைவர் ஏர்வின் யேக்கேலியஸ், அஸ்பேர்கரோடு முன்னர்ப் பணியாற்றியவர். அங்கிருந்து பிள்ளைகளைப் பற்றிய அறிக்கை பேர்லினுக்குச் செல்லும்; அங்குள்ள குழு முடிவுசெய்யும். பின்னர் உணவிலே உறக்க மருந்தைச் சிறிது சிறிதாகக் கலப்பர். உடல் தளர்ந்து, சுவாசப்பை நோயுற்று, பிள்ளை இறக்கும். ஏட்டிலே நியுமோனியா என்று எழுதப்படும். 1945 வரை அங்கே 789 பிள்ளைகள் இறந்தனர். அவர்களுட் சிலருடைய மூளைகள் ஆராய்ச்சிக்கென்று போத்தல்களிற் போடப்பட்டுப் போருக்குப் பின்னும் பல்லாண்டுகள் இருந்தன. 2002ஆம் ஆண்டிலேதான் அவை வியன்னா மயானத்திற் புதைக்கப்பட்டன.

அந்நிலையத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய வைத்தியருள் அஸ்பேர்கரும் ஒருவர். மூன்று வயது நிறையாத ஒரு சிறுமி. மூளை அழற்சியால் வளர்ச்சி குன்றியவள். 1941 யூன் 27ஆம் நாள் அவர் அவளைப் பரிசோதித்தார். வீட்டிலே நலமுள்ள ஐந்து பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்க்கு இவள் தாங்கொணாச் சுமை என்றும், ஸ்பீகல்குரூண்டில் நிரந்தரமாக வைத்தல் இன்றியமையாதது என்றும் எழுதிக் கையொப்பமிட்டார். யூலை முதலாம் நாள் சேர்த்தனர். செப்டெம்பர் 2ஆம் நாள், தன் மூன்றாவது பிறந்தநாளின் மறுநாள், அவள் இறந்தாள். ஏட்டிலே எழுதப்பட்ட காரணம் நியுமோனியா.

அஸ்பேர்கர் அந்நிலையத்தின் இயல்பை அறியாது அனுப்பினார் என்று கூறுவாரும் இன்றுவரை உளர். ஸ்ரைன்ஹோவில் நடப்பதைக் குறித்து நகரத்தார் அப்போதே பேசிக்கொண்டிருந்தனர். தலைவரோ பழைய தோழர். அறியார் என்று கொள்ள என் மனம் ஒருப்படவில்லை. அன்றியும், 1942இல் கூகிங் என்னும் இடத்திலுள்ள பிள்ளைகளை வகைப்படுத்த எழுவர் குழுவொன்று சென்றது. அவர் அக்குழுவில் ஓர் உறுப்பினர். இருநூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அக்குழு ஆராய்ந்தது. கற்கும் திறன் அறவே அற்றவர் என 35 பிள்ளைகள் பிரிக்கப்பட்டு யேக்கேலியஸின் கைக்கு ஒதுக்கப்பட்டனர். பிள்ளைகள் சிலரைப் பற்றி அஸ்பேர்கர் எழுதிய மதிப்புரை, ஸ்பீகல்குரூண்ட் வைத்தியர் எழுதியதினுங் கடுமையாக இருந்ததென்பதையும் செக் காட்டியுள்ளார். நாஜிக் கட்சியில் அஸ்பேர்கர் உறுப்பினர் ஆகவில்லை; சார்புச் சங்கங்கள் சிலவற்றிற் சேர்ந்தார். அரசியலிற் குற்றமற்றவர் என்றே அக்கட்சியின் கோவைகள் அவரைக் கூறின.

அதே விடுதியிலே யோசப் பெல்ட்னர் என்னும் வைத்தியர் பணிபுரிந்தார். அவர் ஒரு யூத இளைஞனைத் தம் வீட்டில் மறைத்து வைத்து உயிர் காத்தார். அஸ்பேர்கருக்கு வேறு வழி இருக்கவில்லை என்று வாதிடுவார்க்கு யான் பெல்ட்னரைக் காட்டுவேன்.

அந்த 1942ஆம் ஆண்டிலேயே அத்திலாந்திக் சமுத்திரத்தின் அப்பால் வேறொரு வழக்கு நடந்தது. புகழ்பெற்ற அமெரிக்க நரம்பு வைத்தியர் பொஸ்ரர் கெனடி, தேறும் வழியற்ற மந்தபுத்தியுடைய பிள்ளைகளைக் கருணைக்கொலை செய்தல் தகும் என்று உளநோய் வைத்தியர் இதழிலே எழுதினார். அதே இதழிலே அதனை மறுத்து எழுதியவர் லியோ கன்னர். இவர் 1894இல் கலீசியாவிற் பிறந்த யூதர். 1924இல் அமெரிக்கா சென்று, 1930இல் பல்ரிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிலே சிறுவர் உளநோய்ப் பிரிவைத் தொடக்கியவர். வியன்னாவிலிருந்து வெளியேறிய பிராங்க்லைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டவரும் இவரே. 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஓட்டிசம் உலகறிந்தது அதனாலேயே. அப்பிள்ளைகளுட் சிலர் பேசவேயில்லை. பேசியவர் கேட்டதையே திருப்பிச் சொன்னார்கள். வீட்டிலே ஒரு பொருள் இடம் மாறினாலும் பதறினார்கள். கன்னரும் பிழை செய்தவரே: பெற்றாரின் குளிர்ந்த உள்ளத்தை நோயின் வரலாற்றோடு தொடர்புபடுத்தி எழுதினார், எத்தனையோ தாய்மார் அதனாற் பழி சுமந்தனர். 1969இல் பெற்றார் கூட்டமொன்றிலே அப்பழியினின்று அவர்களை விடுவித்தார்.

அஸ்பேர்கருக்கு அத்தகைய ஒரு மேடை வாய்க்கவில்லை, அல்லது அவர் தேடவில்லை. போரின் பிற்பகுதியிலே படை வைத்தியராகக் குரோவேசியாவிற் கடமையாற்றினார். 1944இல் குண்டு வீழ்ந்து விடுதி அழிந்தது. தாதி விக்ரோரின் மாண்டார். போர் முடிந்தபின் அவர் உயர்ந்துகொண்டே சென்றார். 1957இல் இன்ஸ்புறுக்கிலும், 1962 முதல் 1977 வரை வியன்னாவிலும் குழந்தை வைத்தியப் பேராசிரியர். தம்மை நாஜிகள் கைதுசெய்யத் தேடினர் என்று பின்னாளிற் சொல்லிக்கொண்டார். அதற்குச் சான்று கிடைக்கவில்லை. 1980 ஒக்டோபர் 21ஆம் நாள் இறந்தார்.

பெயர் வந்தது அதன் பின்னர். 1981இல் இங்கிலாந்து வைத்தியர் லோர்னா விங் அம்மையார், யேர்மன் மொழி அறியாதாருக்கு அவரை அறிமுகஞ் செய்து, அஸ்பேர்கர் கூட்டறிகுறி என்று பெயரிட்டார். அம்மையாரின் மகளும் ஓட்டிசம் உடையவர். பேசாத பிள்ளையும் பேசி ஓயாத பிள்ளையும் ஒரே நிறமாலையின் வெவ்வேறு நிறங்கள் என்பது அவர் கொள்கை. கன்னரின் பிள்ளைகளோடு அஸ்பேர்கரின் பிள்ளைகளை இணைத்துக் காட்டுதற்கு இட்ட பெயர் அது. உலகமோ பிரித்து வைத்தற்கு அதனைப் பயன்படுத்தியது. இதற்காக அம்மையார் பின்னர் வருந்தினார்.

1994இல் அமெரிக்க உளநோய் வைத்தியர் சங்கத்தின் கையேட்டில் ஐந்து பெயர்கள் அருகருகே நின்றன. மூன்று வயதுக்கு முன் தோன்றுவது ஓட்டிசம். மொழியும் அறிவும் காலத்தில் வளர, கூடிப் பழகுதல் மட்டும் குன்றினால் அஸ்பேர்கர். இரண்டு ஆண்டுகளேனும் நன்கு வளர்ந்தபின் கற்றதையெல்லாம் இழப்பது மற்றொன்று. 1908இல் வியன்னா ஆசிரியர் தியோடர் ஹெல்லர் கண்டது. பெரும்பாலும் பெண் குழந்தைகளிடம், கைகளை ஓயாது பிசைதலோடு காணப்படுவது ரெட் என்னும் நோய். அதனைக் கண்ட அந்திரேயாஸ் ரெட் என்பாரும் வியன்னா வைத்தியரே. அதன் காரணமான மரபணு 1999இல் அறியப்பட்டது. இன்று அது தனி நோயாகவே கொள்ளப்படும். எதிலும் அடங்காதவற்றுக்கு ஐந்தாவது பெயர். இலக்கணகாரர் புறனடைச் சூத்திரம் செய்வது போல.

இப்பிரிவு நிலைக்கவில்லை. ஒரே பிள்ளைக்கு ஒரு வைத்தியசாலையில் ஒரு பெயரும் இன்னொன்றில் வேறு பெயரும் கிடைத்தன. பெயர் பிள்ளையைக் காட்டாது வைத்தியசாலையைக் காட்டிற்று. ஆதலின் 2013இல் அஸ்பேர்கர் என்ற பெயர் அக்கையேட்டினின்று நீக்கப்பட்டது. ஓட்டிச நிறமாலை என்ற ஒரே பெயரின் கீழ், பிள்ளைக்கு வேண்டும் துணையின் அளவை நோக்கி மூன்று நிலைகள் வகுக்கப்பட்டன. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் வகுப்பும் அவ்வழியதே. அறிவுவளர்ச்சியும் பேச்சும் எவ்வளவு என்பதை மாத்திரம் பக்கத்திற் குறிக்கும்படி அது கூறும். கவனிக்க வேண்டியது ஒன்று: அப்பெயர் நீங்கியது நாஜித் தொடர்பினால் அன்று. செக்கின் கட்டுரைக்கு ஐந்தாண்டு முன்னரே, வகைப்பாட்டின் குற்றத்தினாலேயே நீங்கியது.

பழைய கருத்தரங்கைப் பற்றி ஒன்று சொல்ல எஞ்சியுள்ளது. யான் பேசி முடித்ததும் ஒரு தந்தையார் எழுந்து, ஒன்பது வயதாகியும் பேசாத தம் மகனும் இவ்வகையைச் சேர்ந்தவனோ என்று வினாவினார். அல்லன், அவன் வேறு, அஸ்பேர்கர் பிள்ளைகள் அறிவுடையவர்கள் என்று யான் விடையிறுத்தேன். கற்றோர் கூடிய சபையிலே சொன்னேன். அவர் தலையசைத்து அமர்ந்தார். கூட்டம் முடிந்து தேநீர் பரிமாறியபோது அவரைக் காணவில்லை. கூகிங்கிற் பிரிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் படித்த இரவில் எனக்கு அம்மனிதருடைய முகமே நினைவில் வந்தது. அவர் ஊரை விசாரித்து இருமுறை சென்றேன். வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தார் வேறிடம் சென்றுவிட்டனர் என்றனர் அயலார்.

இவ்வாண்டு என் வகுப்பிலே ஒரு பிள்ளை இருக்கின்றான். இரண்டாம் நிலை என்று அவன் சான்றிதழ் கூறுகின்றது. பேச்சு மிகக் குறைவு. காலையிற் செய்ய வேண்டியவற்றை ஒரு மட்டையில் எழுதி மேசையில் ஒட்டியிருக்கின்றேன். நீ செய் என்று எழுதாமல், புத்தகம் திறக்கப்படும், எழுத்து எழுதப்படும் என்று விதியாகவே எழுதியிருக்கின்றேன். அவன் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்துச் செய்கின்றான். இவ்வுபாயத்தை யான் கற்றது எவரிடம் என்பது வாசகர் அறிவர்.